கைகாட்டியல்: சாலை கடக்கும் கை குறித்த ஆய்வு

1. வரையறை

சாலையைக் கடப்பவர் வரும் வண்டியை நோக்கி நீட்டும் கை ‘கடப்புக் கை’ எனப்படும். வழி சொல்ல நீளும் கையும், பேருந்தை நிறுத்தி ஏற நீளும் கையும் இதில் அடங்கா. திண்டுக்கல் மாவட்டத்தில் பழனியை அடுத்து, ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாக உள்ள தொப்பம்பட்டி இவ்வாய்வுக்கு ஏற்ற களம். டவுன் பஸ், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போகும் மினி லாரி, முருங்கைக்காய்க் கட்டு சுமந்த டிவிஎஸ் 50, ஆட்டு மந்தை ஆகிய நான்கும் ஒரே தார்ச்சாலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சமவெளி இது. பெருநகரில் மூன்று விளக்குகள் பார்க்கும் வேலையை இங்கே ஐந்து விரல்கள் பார்க்கின்றன.

2. வரலாறு

உலகின் முதல் சாலைப் போக்குவரத்து சிக்னலே ஒரு கைகாட்டிதான். 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே நிறுவப்பட்ட அதற்கு, ரயில் பாதைக் கைகாட்டிக்கு உள்ளவை போன்ற கைகள் இருந்தன. கை கிடையாக நீண்டால் வண்டிகள் நிற்க வேண்டும். இருட்டில் கை தெரியாது என்பதால் இரவுக்குச் சிவப்பு, பச்சை எரிவாயு விளக்குகள் சேர்க்கப்பட்டன. அடுத்த மாதமே எரிவாயு வெடித்து, அதை இயக்கிய காவலர் காயமடைந்தார். வெடித்தது விளக்குதான், கை அல்ல என்பதைக் கைகாட்டியலார் அழுத்திச் சொல்வர்.

3. சட்டம்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த சாலை விதிகள், ஓட்டுநருக்கு ஐந்து கைச் சைகைகளை வகுத்தன. வேகம் குறைக்க, கையை வெளியே நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்த, முன்னங்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும். வலப்பக்கம் திரும்ப, கையைக் கிடையாக நீட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்ப, கையைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். பின்வண்டி முந்திச் செல்ல, கையை முன்னும் பின்னும் வீச வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் ஐந்தும் வலக்கைக்கே உரியவை. இடப்பக்கம் திரும்புவதைக்கூட வலக்கைதான் சொல்லியாக வேண்டும்.

நடப்பவருக்குச் சைகை எதையும் அவ்விதிகள் வகுக்கவில்லை. சிக்னலோ காவலரோ இல்லாத கடப்பிடத்தில் நடப்பவருக்கே முன்னுரிமை என்று மட்டும் கூறின. முன்னுரிமை உண்டு, அதைக் கேட்டுவாங்கும் வழி சொல்லப்படவில்லை.

இதற்கிடையில் இண்டிகேட்டர் வந்தது. ஏசி வந்து கண்ணாடியும் ஏறிக்கொண்டது. ஓட்டுநரின் கை உள்ளே போய், லைசென்ஸ் எடுக்கும் நாளில் மட்டும் எட்டிப்பார்க்கத் தொடங்கியது. கேட்பாரற்றுக் கிடந்த அந்தக் கையை நடப்பவர் எடுத்துக்கொண்டார். 2017இல் புதிய ஓட்டுதல் விதிகள் வந்த பிறகும் அவர் அதைத் திருப்பித் தரவில்லை.

4. வகைகள்

கடப்புக் கை நான்கு வகைப்படும்.

தடுகை: உள்ளங்கையை நேரே காட்டுவது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் ஆசிரியரிடம் காணலாம். இலக்கணப்படி இது ஏவல்.

அமர்கை: உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை மெல்லத் தட்டுவது. இது வியங்கோள், கட்டளையும் வேண்டுகோளும் இதில் சரிபாதி. ஓட்டுநரிடமிருந்து வந்த சைகை இதுவே என்பதற்கு முந்தைய பகுதியே சான்று. எல்லா வயதினரும் அதிகம் கையாள்வதும் இதைத்தான்.

பாராக்கை: வண்டியைப் பாராமல், பார்வையை எதிர்ப்பக்கம் வைத்து, கையை மட்டும் பக்கவாட்டில் விட்டுவிடுவது. தலையில் புல்லுக்கட்டு இருப்பவருக்குக் கழுத்து திரும்பாது என்பதால் இது தோன்றியிருக்கலாம். கட்டு இல்லாதவரும் கையாள்வதற்குக் காரணம் விளங்கவில்லை.

இரவல் கை: ஒருவர் கை நீட்ட, பின்னால் ஐவர் நடப்பது. முன்னவர் கடந்ததும் கையை இறக்கிவிடுவார். கடைசி ஆள் நடுச்சாலையில் நிற்பார். நான்கில் ஆபத்து மிகுந்தது இதுவே.

இரு கையிலும் பை இருந்தால் தாடை கையாகும். இது ஆகுபெயர்.

5. மறுமொழி

கைக்கு ஓட்டுநர் தரும் விடை மூன்று. சிறு தலையசைப்பு இசைவைக் குறிக்கும். ஹாரன், ‘பார்த்தேன், ஆனால் நிற்பதாக இல்லை’ எனப் பொருள்படும். தேவையின்றி ஹாரன் அடிப்பதற்கு 2019 திருத்தச் சட்டம் முதல்முறை 1,000 ரூபாயும் அடுத்து 2,000 ரூபாயும் அபராதம் விதித்தது. எது தேவை என்பதில் ஓட்டுநருக்கும் நடப்பவருக்கும் ஒத்த கருத்து இல்லை. ஹெட்லைட்டை மின்னவிடுவது சில நாடுகளில் ‘நீங்கள் போங்கள்’ என்பதாகும். இங்கே ‘நான் வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதாகும். வெளிநாடு போய்த் திரும்பியவர் முதல் வாரம் இதில் கவனமாக இருத்தல் நலம்.

பேருந்தானால் நான்காவது விடையும் உண்டு. படியில் நிற்கும் கண்டக்டர் ‘ஹோல்டான்’ என்றால் கை வென்றது; ‘ரைட்’ என்றால் தோற்றது.

6. கை வேண்டாத கடப்புகள்

ஆட்டு மந்தைக்குக் கை தேவையில்லை. முதல் ஆடு இறங்கியதுமே சாலை அதற்குரியதாகிவிடும். இறுதி ஊர்வலத்துக்கு ஹாரனும் ஒலிக்காது. அறுவடைக் காலத்தில் கொள்ளும் சோளமும் சாலையிலேயே காயும். சுற்றி வைத்த கற்கள் அங்கே சாலைத் தடுப்பு. வண்டிச் சக்கரம் கூலி வாங்காத போரடி மாடு. பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்னால் கிடக்கும் வேப்பங்கொத்தும் ஒருவகைக் கைதான்; ஆள் இல்லாத இடத்தில் மரம் நீட்டியது.

7. எல்லை

கடப்புக் கையின் ஆட்சி பொழுது சாயும்வரையில்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரை விழுங்கும். கை கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த நொடி கழிந்துவிடும். இருட்டில் கை கண்ணில் படுவதே தாமதம். நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்கச் சொல்வது இதனால்தான்.

தைப்பூசக் காலத்தில் பழனிக்கு இரவெல்லாம் பாதயாத்திரை நடக்கிறது. அப்போது பக்தர்களின் பைகளில் ஒளிர்பட்டை ஒட்டுவதும், கையில் ஒளிரும் குச்சி கொடுப்பதும் வழக்கம். இருட்டில் கைக்கு விளக்கு வேண்டும் என்று 1868இல் லண்டன் கண்டதை இங்கே குச்சி நிறைவேற்றுகிறது. எரிவாயு இல்லாததால் இது வெடிப்பதில்லை.