78-இல் நின்ற முள்

மூன்று மாதத்தில் ஆறு கிலோ இறங்கினேன். அதற்கப்புறம் எடை மெஷினின் முள் 78-இல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

அலுவலக நண்பர் உபாயம் சொன்னார்: "தினமும் அதே 1,500 கலோரின்னா உடம்பு உஷாராயிடும் சார். ஒரு நாள் 1,200, மறுநாள் 1,800னு மாத்தி மாத்திக் குடுங்க. குழம்பிடும்."

உடம்பு என்ன, மாமியாரா குழம்புவதற்கு? எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு. போதாததற்கு, பசி நீண்டால் கஞ்சத்தனமும் பழகிக்கொள்ளும். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 36 பேரை அரைப்பட்டினி போட்டுப் பார்த்த காலத்துச் சங்கதி இது.

நண்பர் விடவில்லை. 2017இல் வெளிவந்த டாஸ்மேனியா பல்கலைக்கழக ஆய்வைக் காட்டினார். இரண்டு வாரம் பத்தியம், இரண்டு வாரம் ஓய்வு என்று இருந்த ஆண்கள், ஓய்வே இல்லாமல் பத்தியம் இருந்தவர்களைவிட அதிகம் இளைத்தார்களாம். உண்மைதான். ஆனால் ஓய்வில் அவர்கள் சாப்பிட்டது இருக்கிற எடை ஏறாத அளவுக்கு மட்டும். இதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்டுவைக்கவில்லை.

சரி, அவர் சொன்னபடியே மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன். ஞாயிறு ஏற்ற நாள். மட்டன் குழம்பு, அதைத் துடைக்க நாலு தோசை. திங்கள் இறக்க நாள். ஆனால் மைத்துனி வீட்டு வளைகாப்பு. ஐந்து வகைச் சித்திரான்னம்.

"என்னங்க, இன்னிக்கு இறக்கம்தானே?" என்றாள் மனைவி.

"நாளைக்கு மாத்திட்டேன்."

புதன்கிழமை காலை முள் ஒருவழியாக அசைந்தது. 79.