காசு கொடுத்துக் கறுப்பது எப்படி?

கே: லண்டனில் இருக்கும் என் அக்கா மகன், அங்கே ஆட்கள் காசு கொடுத்து ஒரு பெட்டிக்குள் படுத்துக் கறுத்துக்கொள்கிறார்கள் என்கிறான். கதை விடுகிறானா? (வாசகி, மடவார்வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ப: இந்த ஒரு விஷயத்தில் பையனை நம்பலாம். சன்பெட் என்று பெயர். மேலும் கீழும் புற ஊதா விளக்குகள் வைத்த மூடி போட்ட கட்டில். கண்ணுக்குக் கவசம் மாட்டிக்கொண்டு சில நிமிடம் படுத்து எழ வேண்டும். 1970-களில் ஃப்ரீட்ரிக் வோல்ஃப் என்ற ஜெர்மானியர் இதைப் பெரிய வியாபாரமாக்கினார். அதற்கு வெகு காலம் முன்னால் ஐரோப்பாவிலும் கறுத்த தோல் என்றால் வயக்காட்டு வேலை என்றுதான் பொருள். எல்லோரும் ஆலைக்கும் ஆபீசுக்கும் உள்ளே போன பிறகு, கறுத்திருப்பவன் கடற்கரையில் லீவைக் கழித்த பணக்காரன் என்று ஆகிவிட்டது. நம் ஊரில் 1975-லிருந்து ஃபேர் அண்ட் லவ்லி விற்கிறார்கள். 2020-ல் அதன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. அலமாரியில் இடம் மாறவில்லை.

கே: வெயிலில் காய்வது, பெட்டியில் படுப்பது, இரண்டில் எது தேவலை? (கல்லூரி மாணவர், ராஜபாளையம்)

ப: கறுப்பதற்காக என்றால் இரண்டும் வேண்டாம். தோல் கறுப்பது அழகுக்காக அல்ல. உள்ளே செல்களின் டிஎன்ஏ அடிபட்டதும், இனியாவது தடுப்போம் என்று தோல் மெலனின் குடையை விரிக்கிறது, அவ்வளவுதான்.

வெயிலில் புற ஊதா ‘ஏ’, ‘பி’ இரண்டும் வருகின்றன. ‘ஏ’ ஆழமாக இறங்கும், சுருக்கம் தரும். ‘பி’ மேல்தோலைச் சுடும், ஆனால் வைட்டமின் டி தயாரிப்பதும் அதுவே. பெட்டிக்காரர்கள் தருவது பெரும்பாலும் ‘ஏ’. சில பெட்டிகளில் அது நடுப்பகல் வெயிலைவிட 10, 15 மடங்கு வரை போகும். ஆக, கெடுதலைக் கூட்டி நல்லதைக் குறைத்து, அதற்கு பில்லும் போடுகிறார்கள். ‘நிமிடக் கணக்கில் அளந்து தருகிறோம்’ என்பது அவர்கள் வாதம். சாராயத்தையும் அளந்துதான் ஊற்றுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009-ல் இந்தப் பெட்டிகளைப் புகையிலை, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. சூரியன் 1992-லிருந்தே அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் சூரியனுக்குப் பூட்டுப் போட முடியாது, கடைக்குப் போடலாம். பிரேசில் 2009-லேயே போட்டது. ஆஸ்திரேலியாவில் கிளேர் ஆலிவர் என்ற பெண், தோல் புற்றுநோயோடு போராடிக்கொண்டே இந்தப் பெட்டிகளுக்கு எதிராகப் பேசி, 2007-ல் 26 வயதில் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே மாநிலம் மாநிலமாகத் தடை வந்தது. பிரிட்டனில் 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. உங்களுக்கு எதற்கு அதெல்லாம்? தென்காசி ரோட்டில் பைக்கில் ஒரு மதியம் போய்வந்தால் போதுமே.

கே: பார்லரில் ‘டீ-டேன்’ போட்டால் வெயில் கறுப்பை எடுத்துவிடுமாமே?

ப: மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை தானே உதிர்ந்து புதிதாகிறது. வேலையைச் செய்வது காலண்டர், காசு வாங்குவது பார்லர்.

கே: நூற்பாலையில் வேலை. ஷிப்ட் முழுக்க உள்ளேதான். ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு என்கிறார் டாக்டர். இந்த வெயில் ஊரில் இருந்துகொண்டா? (பழையபாளையம் வாசகர்)

ப: ஊருக்கு வெயில் அடித்தால் போதாது, உங்கள் மேல் அடிக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி ‘பி’ கதிரைத் தடுத்துவிடும், எனவே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காய்வது வீண். நம் நிறத்தில் மெலனின் அதிகம் என்பதால், வெள்ளைக்காரருக்குச் சில நிமிடத்தில் கிடைப்பது நமக்குக் கிடைக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இன்னொன்று, நம் வீட்டுப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லியாக வேண்டும். காலை ஆறரை மணி இளவெயில் மனசுக்கு நல்லது, நடைக்கு நல்லது, வைட்டமின் டி-க்கு ஏறக்குறைய பூஜ்யம். சரிந்து வரும் வெயிலில் ‘பி’ கதிரைக் காற்று மண்டலமே வடிகட்டிவிடுகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே அதற்கான நேரம். முகம், கை, கால் தெரிய கால் மணி முதல் அரை மணி வரை நின்றால் போதும். மூன்று மணி நேரம் நின்றாலும் கூடுதலாகக் கிடைக்காது, மிஞ்சியதை வெயிலே சிதைத்துவிடும். உங்கள் ஊர் 9 பாகை அட்சரேகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. அதனால் சித்திரை பிறக்கும் நாளை ஒட்டியும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று நடுப்பகலில் கம்பத்தை நட்டுப் பாருங்கள், நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். அந்த நேரத்தில் அரை மணியும் அதிகம். டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால் அதையும் விடாதீர்கள்.

கே: வெயிலே வேண்டாம், பால்கோவாவில் வைட்டமின் டி இருக்கிறதே? (ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்)

ப: 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தை மருந்தாக்கிக் கேவலப்படுத்தாதீர்கள். அதில் கால்சியம் உண்டு, சர்க்கரை தாராளமாக உண்டு. சாதாரணப் பாலில் வைட்டமின் டி சொற்பம். பாக்கெட்டில் ‘சேர்த்தது’ என்று போட்டிருந்தால்தான் கணக்கில் வரும்.

கே: பேத்திக்கு மஞ்சள்காமாலை என்று மூன்றாம் நாளே ‘லைட்டில்’ வைத்துவிட்டார்கள். அதுவும் இந்தப் பெட்டிதானா? பயமாக இருக்கிறது.

ப: பயம் வேண்டாம் பாட்டி. அது நீல வெளிச்சம், புற ஊதா அல்ல. தோலில் தேங்கிய பிலிருபினை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதே அதன் வேலை. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் வார்ட் என்ற செவிலியர் குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிப் போவார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் மங்கியிருந்தது, துணி மறைத்த இடத்தில் அப்படியே இருந்தது. டாக்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டு 1958-ல் விளக்குக் கருவியையே செய்துவிட்டார்கள். அதற்காக, ஆஸ்பத்திரி வேண்டாம், வாசலில் காட்டிக்கொள்கிறோம் என்று பேத்தியைத் தூக்கி வந்துவிடாதீர்கள். வாசல் வெயிலுக்கு அளவு கிடையாது.

கே: வெண்புள்ளிக்கு ‘லைட் சிகிச்சை’ என்கிறார் தோல் டாக்டர். ஒருவர் கார்போகரிசி அரைத்துப் பூசி வெயிலில் நில் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (தளவாய்புரம்)

ப: இரண்டு பேரும் ஒரே குடும்பம்தான், வயதுதான் வேறு. கார்போகரிசியில் சோராலென் இருக்கிறது. அது தோலை ஒளிக்கு இளகச் செய்யும். மருந்தைப் பூசி வெயிலில் நிற்கும் வழக்கம் இந்தியாவில் மிகப் பழையது. அதே சோராலெனைப் புற ஊதா ‘ஏ’ விளக்கோடு சேர்த்து, சொரியாசிஸுக்கு 1974-ல் அமெரிக்காவில் முறையான சிகிச்சையாக்கினார்கள். இப்போது பெரும்பாலும் மருந்து இல்லாமலேயே 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறுகிய ‘பி’ ஒளியைத் தருகிறார்கள். தோலைப் பார்த்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். வீட்டில் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் நின்றால் அளப்பது யார்? கொப்புளத்தோடு வந்து நிற்பவர்களைத் தோல் டாக்டர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் பேச்சைக் கேளுங்கள்.

கே: ஆடிப்பூரத் தேருக்குப் போகிறோம். மலைக்காற்று ஜில்லென்று வீசும். குடை எதற்கு?

ப: காற்று வெப்பத்தைத்தான் குறைக்கும், புற ஊதாவை அல்ல. அது சுடுவதே தெரியாது, அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். மெல்லிய மேகத்தையும் ஊடுருவி வரும். வடம் பிடிப்பவருக்குக் குடை முடியாதுதான், தலைக்கு ஒரு துண்டாவது கட்டலாம். வேடிக்கை பார்ப்பவருக்கு என்ன கேடு?

கே: கறுப்பாக இருப்பவருக்குத் தோல் புற்றுநோயே வராதாமே?

ப: மிகக் குறைவு, ஆனால் வராமல் இல்லை. நமக்கு வரும் மெலனோமா பெரும்பாலும் வெயிலே படாத இடத்தில் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது, 1981-ல் 36 வயதில் போய்விட்டார். உள்ளங்காலில் புதிதாகக் கரும்புள்ளி வந்து வளர்ந்தால், ‘முள் குத்தியிருக்கும்’ என்று விடாதீர்கள்.

கே: எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய்க்கு மூக்கு சிவந்து தோல் உரிகிறது. அதற்கும் சன்ஸ்க்ரீனா? (மலையடிப்பட்டி)

ப: 2005-ல் தபால்தலையிலேயே வந்த வம்சம், ஆனால் பாவம், அதற்கு மெலனின் குடை கிடையாது. வெள்ளை ரோமம், இளஞ்சிவப்பு மூக்கு, அதனால் சுடும். (இந்த இனத்தில் சில குட்டிகளுக்குக் காது கேட்காததற்கும் அதே குறைதான் காரணம். உள்காதுக்கும் நிறமிச் செல்கள் தேவை.) நீங்கள் பூசும் கிரீமைப் பூசாதீர்கள். நாய் நக்கும், அதில் உள்ள துத்தநாக ஆக்சைடு அதற்கு ஆகாது. கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு, பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை திண்ணையில் கட்டுங்கள். அது கேட்காமல் வெயிலில்தான் போய்ப் படுக்கும், சங்கிலியைக் குட்டையாக்குங்கள்.