பாதி மனுஷன், பாதி தகரம்

பேய்ப் படம் எடுக்கப் பெரிய செலவில்லை. ஒரு வெள்ளைப் புடவையும் கொஞ்சம் சாம்பிராணிப் புகையும் போதும். ரோபோ படத்துக்குத்தான் கொட்டி அழ வேண்டும். தலை முதல் கால் வரை இரும்பு, அது நடக்கணும், உட்காரணும், தமிழ்ப் படம் என்றால் டூயட்டும் ஆடணும். இந்த இரண்டுக்கும் நடுவில், கையில் காசில்லாத தயாரிப்பாளருக்கென்றே பிறந்த ஜீவன் சைபார்க். பாதி மனிதன், பாதி இயந்திரம். மனிதப் பாதிக்கு ஒரு நடிகர் வந்துவிடுவார். இயந்திரப் பாதி உள்ளே இருக்கிறது என்று யாராவது ஒரு டாக்டர் வசனத்தில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டால் கண்ணுக்குச் செலவில்லை. முகத்தில் உணர்ச்சியே வரக் கூடாது என்று கதையே சொல்லிவிடுவதால், நடிக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலையவும் வேண்டாம்.

இந்த வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பவன் நான். என் ரசனையைப் பற்றி வீட்டில் நல்ல பெயர் இல்லை. ஆனால் குற்றம் என் மேல் அல்ல, நான் வளர்ந்த தெரு மேல்.

திருப்பருத்திக்குன்றம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஜினகாஞ்சி, திரைலோக்கியநாதர் கோயில். எங்களுக்குத் தறிச் சத்தம். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர் என்பதால் பட்டும் பாவும் வீட்டுக்குள்தான். எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஒரு ராத்திரிக்குத் தெருவே காசு போட்டு டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுக்கும். முதலில் ஒரு சாமி படம், அடுத்து ஒரு எம்.ஜி.ஆர். படம். பெண்களும் குழந்தைகளும் தூங்கப் போன பிறகு, கேசட்காரர் ‘ஓசியா வெச்சுக்கங்க’ என்று தள்ளிவிட்டுப் போன ஆங்கிலப் படம். ஓசி கேசட்டில் ஜேம்ஸ் பாண்டா வருவார்? சைபார்க்தான் வரும்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வந்ததால் மொழிபெயர்ப்பாளர் வேலை. விமரிசகர் எங்கள் பெரியப்பா. படம் ஓட ஓட, வெற்றிலையை மென்றுகொண்டே தீர்ப்பு சொல்வார். சினிமாவைப் பற்றி அவருக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “கோர்வை எப்படிடா வுழுந்திருக்குது?”

தறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா ஓடும். ஒவ்வொரு ஊடையிலும் கரை இழையும் உடல் இழையும் எல்லையில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். அதுதான் கோர்வை. பெரியப்பா தறிக்குழியில் காலை விட்டு மிதித்தபடி நடு நாடாவை விடுவார். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிவிடுவது லீவு நாளில் என் வேலை. கை கொஞ்சம் தளர்ந்தால் எல்லையில் ஓட்டை விழும், இறுக்கினால் சுருங்கும். ரெண்டுக்கும் மண்டையில் குட்டு விழும். புடவை எடுக்க வரும் விவரமான அம்மா முந்தியை அப்புறம்தான் விரிப்பார். முதலில் கரையும் உடலும் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவுவார். சைபார்க் படத்தையும் அங்கேதான் தடவிப் பார்க்க வேண்டும் என்பது பெரியப்பா சித்தாந்தம்: சதை முடிந்து இரும்பு தொடங்கும் அந்த இடம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் சினிமா வரலாறே வேறு மாதிரி தெரியும்.

1989இல் வந்த படம், பெயரே ‘சைபார்க்’. ஆல்பர்ட் பியூன் இயக்கம், ஜான் கிளாட் வான் டாம் கதாநாயகன். தயாரித்தது கேனன் பிலிம்ஸ். ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்’ படத்தின் இரண்டாம் பாகத்துக்கும் ஒரு ஸ்பைடர்மேன் படத்துக்கும் செட்டும் உடையும் தயார் செய்தார்கள். இரண்டு படமும் கைநழுவிப் போயின. போட்ட செட்டை என்ன செய்வது? பியூனைக் கூப்பிட்டு அதற்கு ஏற்ற ஒரு கதை கேட்டார்கள். அவரும் எழுதித் தந்தார். மொத்தச் செலவு ஐந்து லட்சம் டாலருக்குள். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி டாலர் வசூல். பாத்திரங்களின் பெயரைப் பாருங்கள்: நாயகன் கிப்சன் ரிக்கன்பேக்கர், வில்லன் ஃபெண்டர் ட்ரெமலோ. இசைக்கருவிக் கடையில் நின்றபடி பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை, வான் டாம் சைபார்க் இல்லை. சைபார்க் ஒரு பெண். கொள்ளைநோய்க்கு மருந்து செய்யத் தேவையான தகவலை மண்டைக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். ஒரே ஒரு முறை உள்ளே இருக்கும் இயந்திரத்தைக் காட்டுவார், அத்தோடு சரி. மிச்ச நேரமெல்லாம் முழு மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். பெரியப்பா கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பேரு சைபார்க்கு. கரையையே காணோமே? கரை வெக்காத புடவைக்குக் காஞ்சிபுரம்னு பில்லு போட்டிருக்கான்.”

அடுத்தது ஹாங்காங் சரக்கு, ‘ரோபோ வேம்பயர்’, 1988. இயக்குநர் காட்ஃப்ரி ஹோ. யாரோ எடுத்த பழைய படத்தை வாங்கி, நடுநடுவே தானே சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சொருகி, முழுப் படமாக விற்பதில் கைதேர்ந்த ஆள். இதில் செத்துப்போன அதிகாரியை ரோபோவாக்கி, தத்தித் தத்திக் குதிக்கும் சீனப் பிணப்பேய்களோடு சண்டைக்கு விடுவார்கள். ரோபோ உடம்பு வெள்ளி நிறம் பூசிய துணி. முட்டியை மடக்கினால் இரும்பு மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். “டேய், இரும்புக்கு இஸ்திரி போடணும்டா” என்றார் பெரியப்பா. ஆனால் அந்தப் படம் அவருக்குப் பிடித்தது. “ஒளிக்கல பாரு. துணிதான், பாத்துக்கோன்னு தைரியமா காட்றான்.”

இத்தாலிக்காரர் செர்ஜியோ மார்டினோ எடுத்த ‘ஹேண்ட்ஸ் ஆஃப் ஸ்டீல்’ படத்தில், கொலை செய்ய அனுப்பப்பட்ட சைபார்க் மனசு கேட்காமல் ஓடி, அரிசோனா பாலைவனத்தில் ஒரு சாலையோர விடுதியில் ஒளிந்துகொள்கிறது. அங்கே அது செய்யும் வீரச்செயல், லாரி டிரைவர்களோடு மேசையில் முழங்கை ஊன்றிக் கைமடக்கும் பந்தயம். கோடி கோடியாகக் கொட்டிச் செய்த கொலை இயந்திரம், பந்தயத்தில் ஜெயித்துச் சாப்பாட்டுக்கு வழி தேடுகிறது. கட்டடம் இடிய வேண்டாம், கார் பறக்க வேண்டாம். ஒரு மேசை, இரண்டு கை, நாலு பேர் கூச்சல். சிக்கனம் என்றால் இது.

இந்தோனேசியாவின் ‘லேடி டெர்மினேட்டர்’ இன்னும் ஒரு படி மேல். மானிடவியல் படிக்கும் பெண்ணுக்குள் தென்கடல் அரசியின் ஆவி புகுகிறது. புகுந்ததும் அவர் கறுப்புத் தோல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு இயந்திரத் துப்பாக்கியைத் தூக்குகிறார். இயந்திரப் பாதிக்குச் செலவே வைக்காமல் அந்த இடத்தில் ஆவியை உட்கார வைத்துவிட்டார்கள். “ஆவிக்கு எதுக்குடா துப்பாக்கி?” என்று பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த பெரியம்மா கேட்டார். மொழிபெயர்ப்பாளனிடம் பதில் இல்லை.

இவர்கள் அத்தனை பேருக்கும் குலதெய்வம் 1984இல் வந்த ‘டெர்மினேட்டர்’. அதையும் சின்ன பட்ஜெட் என்றுதான் சொல்ல வேண்டும். சுமார் 64 லட்சம் டாலர். அர்னால்ட் கண்ணாடி முன் நின்று கத்தியால் தன் கண்ணைத் தோண்டி எடுக்கும் காட்சி நினைவிருக்கும். ஒரு ஷாட்டில் அர்னால்ட், அடுத்த ஷாட்டில் அவர் மாதிரியே செய்த தலை. கன்னம் கொஞ்சம் மெழுகாய் மினுங்கும். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, பெரியப்பா மட்டும் எழுந்து டிவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “இங்க மாத்திட்டான். பாவு வேற.” அடுத்த நொடியே, “ஆனா இழுத்துப் புடிச்சு சேத்திருக்கான். கெட்டிக்காரன்” என்று ஜேம்ஸ் கேமரூனுக்குப் பட்டம் கொடுத்தார். கேமரூனுக்குக் கிடைத்த பரிசுகளின் பட்டியலில் இது விட்டுப்போயிருக்கிறது.

பக்கத்துத் தெரு நயினார் வீட்டு வாத்தியாரும் சில நாள் வருவார். சமணர், பொழுது சாய்ந்தால் தண்ணீர் தவிர எதையும் தொடாதவர். ரத்தம் வராத படமாக இருந்தால் உட்காருவார். அடிபட்டால் தீப்பொறியும் எண்ணெயும் மட்டும் வருகிற சைபார்க் அவருக்குத் தோதான வில்லன். ஒருநாள் நான் பெரிய மனுஷத்தனமாக, “இயந்திரத்தைச் சுட்டா பாவமா சார்?” என்று கேட்டேன். “அதுக்கு ஜீவன் இல்ல, அதனால அதைப் பத்திக் கவலையில்ல. ஆனா சுடறவனுக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு கோபம் வந்துச்சு பாத்தியா, அந்தக் கோபம் அவனுக்கு ஒட்டும்” என்றார். வினை ஒட்டுவதற்குப் பசை கோபமும் ஆசையும்தான் என்ற சமணத் தத்துவத்தை எனக்கு விளக்கியது ஓர் ஓசி கேசட். நம் ஊர்க் கோயிலில், 1387இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் கூரையில் தீர்த்தங்கரர் கதைகள் வரிவரியாக ஓவியமாய் ஓடும். ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன நடக்கிறது என்று எழுதியும் இருக்கும். “சப்டைட்டில் போட்டு வெச்சிருக்கோம், மேல அண்ணாந்து பாக்கத்தான் ஒருத்தனும் இல்ல” என்று வாத்தியார் டெக்கைப் பார்த்து அலுத்துக்கொள்வார்.

தமிழில் சைபார்க் படத்துக்குக் கிட்டத்தில் வந்தவர் வேலு பிரபாகரன். 1989இல் ‘நாளைய மனிதன்’, அடுத்த வருஷமே ‘அதிசய மனிதன்’. செத்தவரை எழுப்ப ஒரு மருந்து. எழுந்து வந்தவர் அஜய் ரத்னம். ஆள் இருக்கும் உயரத்துக்கு இரும்பு எதற்கு, நின்றாலே போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சரியான முடிவு. தியேட்டரில் எனக்கு முன்வரிசையில் இருந்தவர் சீட்டுக்கடியில் போய்விட்டார். இருபது வருஷம் கழித்து நூறு கோடிக்கு மேல் செலவில் ஷங்கரின் ‘எந்திரன்’ வந்தது. பெரியப்பாவைக் கூட்டிப் போனேன். ரோபோ சிட்டி ரயிலில் ஓடினார், நூறு பேராய்ப் பெருகினார், பாம்பாய் நெளிந்தார். வெளியே வந்து பெரியப்பா சொன்னது: “நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்க தடவினாலும் வழவழன்னு போவுது. வெரல் நிக்க மாட்டேங்குதே?” சின்னப் படங்களின் மேல் எனக்குள்ள பாசத்துக்கு இதைவிடத் தெளிவான காரணம் நான் கண்டதில்லை. விரல் நிற்கும் இடத்தில்தான் செய்தவனின் கை தெரியும். பாவம், என்ன பாடுபட்டிருக்கிறான் என்றும் தெரியும்.

நிஜ சைபார்க்கின் கதையும் சின்ன பட்ஜெட்டில்தான் தொடங்கியது. 1960இல் மன்ஃப்ரட் கிளைன்ஸ், நாதன் கிளைன் என்ற இரு ஆய்வாளர்கள் விண்வெளிக்குப் போகும் மனிதனின் உடம்பையே மாற்றியமைத்தால் என்ன என்று எழுதியபோது இந்தப் பெயரை வைத்தார்கள். கட்டுரையோடு காட்டிய சைபார்க், தோலுக்கடியில் சின்ன மருந்து பம்பு பொருத்திய ஓர் எலி. எடை 220 கிராம். அர்னால்டுக்கு மூதாதை அதுதான்.

இப்போது எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. குழியில் மிதித்து மிதித்துத் தேய்ந்த பெரியப்பாவின் வலது முட்டியை மாற்றியாகிவிட்டது. கோபால்ட்-குரோமியம் உலோகம், நடுவில் பாலிஎதிலீன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு இதற்கு உச்சவிலை கட்டியது: வரி தனியாக, 54,720 ரூபாய். சைபார்க்குக்கு அரசாங்கமே விலைப்பட்டியல் போட்ட நாடு நம்முடையது. 2019இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளியபோது பெரியப்பாவைக் கூட்டிப் போனேன். கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டர் கத்தியது.

“பெரியவரே, உள்ள இன்னா வெச்சிருக்கீங்க?”

“முட்டி.”

“எடுத்து அந்த ட்ரேல வெச்சுட்டு வாங்க.”

விஷயம் புரிந்ததும் காவலர் குரலைத் தாழ்த்தினார். “எவ்ளோ ஆச்சு? எங்கம்மாவுக்கும் பாக்கணும்.” பின்னால் வரிசை நெட்டித் தள்ள, பெரியப்பா நின்று நிதானமாக வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கித் தையல் தழும்பைக் காட்டினார். “தொட்டுப் பாரு. எங்க சேருதுன்னு கண்டுபுடி.”

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நாமே ஒரு படம் எடுத்துவிடலாம் என்று. கதை தயார். எதிர்காலக் காஞ்சிபுரத்தில் கடைசி நெசவாளி ஒரு சைபார்க். மூளைக்கு ஜக்கார்டு பெட்டி: ஓட்டை போட்ட அட்டையை வைத்துத் தறிக்குப் பூவும் மயிலும் சொல்லிக்கொடுத்த அந்தப் பெட்டிதான் கம்ப்யூட்டருக்கே பாட்டன், ஆக லாஜிக்கும் இடிக்காது. இடுப்புக்குக் கீழே முழுக்க இயந்திரம். அது தறிக்குழிக்குள் இருப்பதால் காட்டத் தேவையில்லை, செலவு பூஜ்யம். நரம்புக்கு ஜரிகை என்று முதலில் எழுதினேன். வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம், இன்றைய விலையில் ஒரு நரம்புக்கே படம் முடிந்துவிடும் என்பதால் செப்பு ஜரிகைக்கு மாற்றிவிட்டேன். எதிரிக்கும் பஞ்சமில்லை, பட்டு என்று சொல்லிப் பாலியஸ்டர் விற்கும் விசைத்தறி முதலாளி.

பெரியப்பா கதையை முழுசாகக் கேட்டார். சந்தேகம் ஒன்றுதான் கேட்டார்: “சண்டை எங்க நடக்குது?”

“நீங்க குழியிலயே இருங்க பெரியப்பா. வில்லன் தறிகிட்ட வந்து அடி வாங்கிக்குவான்.”

“அப்ப சரி. எழுந்து போனா அன்னிக்குக் கூலி போச்சு.”

ஆகவே கதாநாயகன் தயார், செட் தயார், அதற்கு வாடகையும் கிடையாது. விருப்பமுள்ள தயாரிப்பாளர்கள் முன்பணத்தோடு அமாவாசையன்று வந்து பேசலாம். மற்ற நாளில் சைபார்க்குக்கு வேலை இருக்கிறது.