நகத்தடித் தோலும் நகச்சுற்றும்

கேள்வி: பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கை சொரசொரப்பாகி, நகத்தடித் தோலும் உரிகிறது, அத்தோலை வெட்டி எடுத்துவிடலாமா?

பதில்: அது காவலாளியை அனுப்பிவிட்டு நகச்சுற்றை விருந்துக்கு அழைப்பதாகும், ஏனெனில் நகம் முளைக்கும் விளிம்பில் ஒட்டியிருக்கும் அம்மெல்லிய தோலே, நகத்துக்கும் சதைக்கும் இடையே கிருமி புகாமல் அடைத்து நிற்கிறது. அமில காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு தோலின் மேற்பரப்பில் ஏறத்தாழ 5 ஆகவும், கட்டிச் சோப்பில் பெரும்பாலும் 9 முதல் 10 வரையும் இருப்பதால், கழுவுந்தோறும் தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்பு சிறிது சிறிதாகக் கரைந்து போகிறது. ஆகவே கையை ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லியையோ தேங்காய் எண்ணெயையோ நகத்தடி வரை நீவுதல் வேண்டும். இவை புதிதாக ஈரம் தருவன அல்ல, இருக்கும் ஈரம் ஆவியாகாமல் தடுப்பன என்பதால், காய்ந்த கையில் பூசினால் பயன் குறைவே. பிய்ந்து தொங்கும் தோல்நுனியை மட்டும், இழுக்காமல், சுத்தமான கத்தரியால் நறுக்கலாம்.