மூன்று ஓட்டுத் தலைவர்

கேள்வி: நாட்டில் யுத்தம் நடக்கும்போது ஒரே கட்சிக்குள் 'நீயா, நானா' என்று அடித்துக்கொள்வது நியாயமா?
(டீக்கடை வாசகர், மானாம்பதி)

பதில்: யுத்தம் இல்லாத நாளில் அடித்துக்கொள்வது நியாயம் என்றால் அப்போதும் நியாயம்தான். 'இந்த நேரத்தில் போட்டி எதற்கு?' என்று முதலில் கேட்பவர் யாரென்று பாருங்கள். ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவராக இருப்பார்.

கேள்வி: வெளிநாட்டுக் கதை வேண்டாம் சார். நம் தமிழ்நாட்டில் யுத்த காலத்தில் அப்படி ஒரு போட்டி நடந்ததுண்டா?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெருநகர்)

பதில்: நடந்தது ஐயா, அதுவும் மூச்சை நிறுத்துகிற போட்டி. 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. 'இந்தியாவும் யுத்தத்தில் இருக்கிறது' என்று நம்மில் ஒருவரையும் கேட்காமல் வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். அக்டோபர் கடைசியில் ராஜாஜியின் சென்னை மந்திரிசபை ராஜினாமா செய்தது. ஆட்சி போனதும் கட்சி யார் கையில் என்ற கேள்வி சூடு பிடித்தது. 1940 பிப்ரவரியில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தல். ராஜாஜி தரப்பில் கோவை சி.பி. சுப்பையா. சத்தியமூர்த்தி தரப்பில் விருதுநகர் காமராஜ். எண்ணி முடித்தபோது காமராஜுக்கு 103, சுப்பையாவுக்கு 100.

இரண்டு பேர் டீ குடிக்க வெளியே போய் அங்கே மனம் மாறியிருந்தால் ஆட்டமே தலைகீழ். அப்படி மாறியிருந்தால் 1954-ல் முதலமைச்சர் யார், மதிய உணவு யாருடைய திட்டம் என்பதெல்லாம் உங்கள் மாணவர்களுக்கு வேறு பாடமாக இருந்திருக்கும்.

எனக்கு இதில் பிடித்தது ஓட்டுக் கணக்கை விட அடுத்து நடந்ததுதான். 1936-ல் சத்தியமூர்த்தி தலைவர், காமராஜ் செயலாளர். 1940-ல் காமராஜ் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர். தன் சீடனுக்குக் கீழே செயலாளராக உட்கார்வதற்கு எத்தனை தலைவர்களுக்கு மனசு வரும்? பட்டியல் போட்டு அனுப்புங்கள். தபால் அட்டையே போதும், இடம் மிஞ்சும்.

கேள்வி: மூன்று ஓட்டில் ஜெயித்த காமராஜுக்குக் கிடைத்தது என்ன?
(அதே ஆசிரியர், கேள்வி கேட்டே பழகியவர்)

பதில்: வேலூர் சிறை. அந்த டிசம்பரிலேயே, தனிநபர் சத்தியாகிரகிகள் பட்டியலோடு காந்தியைப் பார்க்க வார்தாவுக்குப் போகும் வழியில், குண்டூரில் கைது. உள்ளே இருந்தபோதே அவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்தவர் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். 1942 ஆகஸ்டில் பம்பாய் மாநாடு முடிந்து திரும்பும்போது சென்னை ஸ்டேஷனில் போலீஸ் காத்திருக்கும் என்று தெரிந்து, அதற்கு முன்பே அரக்கோணத்தில் இறங்கி நழுவினார். ஊர் ஊராகப் போய் வேலையை முடித்த பிறகு, தாமாகவே போலீஸுக்குத் தகவல் சொல்லிக் கைதானார். மறுபடி மூன்று வருடம் சிறை. இப்போது பதவி என்றால் முன்னாலும் பின்னாலும் கார். அன்றைக்கும் வண்டி வந்தது, போலீஸ் வண்டி.

கேள்வி: நேதாஜி ஓட்டில் ஜெயித்தும் காங்கிரஸ் தலைவர் பதவியை ஏன் விட்டார்? ஜெயித்தவர்தானே ஆள வேண்டும்?
(கல்லூரி மாணவி, சாலவாக்கம்)

பதில்: ஓட்டில் ஜெயிப்பது வேறு, கட்சியை ஜெயிப்பது வேறம்மா. 1939 ஜனவரி தேர்தலில் சுபாஷுக்கு 1580, பட்டாபி சீதாராமய்யாவுக்கு 1377. தமிழ்நாட்டுப் பிரதிநிதிகளிலும் சுபாஷுக்குத்தான் கை ஓங்கியது. பட்டாபியின் தோல்வி தன் தோல்வி என்று காந்தி அறிவித்ததும் கதை மாறிவிட்டது. மார்ச்சில் திரிபுரி மாநாட்டுக்குத் தலைவர் வந்தது ஸ்ட்ரெச்சரில், கடும் காய்ச்சலோடு. செயற்குழுவை காந்தியின் விருப்பப்படியே அமைக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். சமையற்காரரை மாற்ற உரிமை உண்டு, உப்பு போட மட்டும் பழையவரைக் கேட்க வேண்டும் என்ற மாதிரி. ஏப்ரல் 29-ல் சுபாஷ் ராஜினாமா செய்தார். மே மாதம் ஃபார்வர்ட் பிளாக் பிறந்தது, இங்கே முத்துராமலிங்கத் தேவர் அதைத் தூக்கிப் பிடித்தார்.

அந்தப் போட்டியின் அடியிலும் யுத்தம்தான் இருந்தது. ஐரோப்பாவில் யுத்தம் வருகிறது, இப்போதே ஆங்கிலேயருக்குக் கெடு வைக்க வேண்டும் என்பது சுபாஷ் கட்சி. பொறுங்கள் என்றது மற்ற கட்சி. செப்டம்பர் 3-ஆம் தேதி சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தில் சுபாஷ் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து யாரோ ஒரு மாலைப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தார்கள். ஜெர்மனி மீது பிரிட்டன் யுத்தம் அறிவித்த செய்தி. தான் சொன்னது பலித்ததை மேடையிலேயே படித்த தலைவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அதற்குள் தலைவர் பதவி கையில் இல்லை.

கேள்வி: அதற்கு அடுத்த வருடம்?
(சுருக்கமாகக் கேட்பவர், களியாம்பூண்டி)

பதில்: சுருக்கமாகவே சொல்கிறேன். 1940 காங்கிரஸ் தலைவர் தேர்தலில் மௌலானா ஆசாத் 1854 ஓட்டு, எம்.என். ராய் 183. யுத்தமும் சிறையுமாக அடுத்த தேர்தல் தள்ளிப் போய், ஆசாத் 1946 வரை தலைவர். அதில் பாதிக்கு மேல் சிறையில் கழிந்தது.

கேள்வி: அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தத்தின்போது லிங்கனையே மாற்றப் பார்த்தார்களாமே?
(நூலகத்தில் கண்ட வாசகர், உத்திரமேரூர் பஜார்)

பதில்: மாற்றப் பார்த்தவர் வெளியாள்கூட இல்லை. அவருடைய நிதி மந்திரி சால்மன் சேஸ்! யுத்தச் செலவுக்கு அரசாங்கம் 1862-ல் புதிதாக அச்சடித்த ஒரு டாலர் நோட்டில் தன் முகத்தையே போட்டுக்கொண்டவர். பேனர் வைக்க இடம் தேடும் நம்மூர் வட்டச் செயலாளர்களுக்கு இந்த யோசனை இன்னும் எட்டவில்லை, நல்லவேளை. 1864 தொடக்கத்தில் சேஸுக்கு ஆதரவாகச் சுற்றறிக்கை ஒன்று ரகசியமாகக் கிளம்பி, பத்திரிகையில் அம்பலமாகி, ஆசை அடங்கியது. மே கடைசியில் ஜான் ஃப்ரெமான்ட் தனிக் கோஷ்டியாக கிளீவ்லாந்தில் வேட்பாளர் ஆனார், செப்டம்பரில் விலகினார். ஜூனில் பால்டிமோர் மாநாட்டில் மிசௌரி மாநிலம் மட்டும் தன் 22 ஓட்டை தளபதி கிராண்டுக்குப் போட்டது. அதையும் பிறகு மாற்றிக்கொண்டது. லிங்கனே ஆகஸ்டில், நாம் தோற்கப்போகிறோம் என்கிற குறிப்பு ஒன்றை எழுதி, மடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல் மந்திரிகளிடம் கையெழுத்து வாங்கிவைத்தார். நவம்பரில் ஜெயித்தார். டிசம்பரில் சேஸை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆக்கினார். 1954-ல் காமராஜ் சட்டமன்றக் கட்சித் தலைவர் போட்டியில் சி. சுப்பிரமணியத்தை வென்று, அவரையே மந்திரியாக்கிப் பக்கத்தில் உட்காரவைத்ததும் இதே ரகம். தோற்றவரை என்ன செய்தார் என்று கேளுங்கள், ஜெயித்தவரைப் பற்றி மிச்சம் தெரிந்துவிடும்.

கேள்வி: யுத்தத்தால் 'எனக்கு வேட்புமனுவே வேண்டாம்' என்று ஓடியவர் உண்டா?
(வாசகர், திருப்புலிவனம்)

பதில்: அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷையர் முன்தேர்தலில் 42 சதவீதம் வாங்கித் தோற்றார். ஜெயித்த ஜான்சன்தான் அந்த மாதக் கடைசியில் விலகினார். ஜூனில், போட்டியில் இருந்த ராபர்ட் கென்னடியைச் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்டில் ஒரு முன்தேர்தலிலும் போட்டியிடாத துணை ஜனாதிபதி ஹம்ஃப்ரி வேட்பாளர் ஆனார். சிகாகோ மாநாட்டில் வெளியே தடியடி, உள்ளே கைதட்டல்.

கேள்வி: இலங்கையில்?
(முகாம் வாசகர்)

பதில்: 1988. வடகிழக்கில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை, தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி. ஐக்கிய தேசியக் கட்சியில் ஜெயவர்த்தனாவுக்கு அடுத்து யார்? பிரேமதாசா, லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க மூவருக்கும் ஆசை. இந்திய-இலங்கை ஒப்பந்தக் கையெழுத்து விழாவுக்கே வராத பிரேமதாசாவுக்கு வாய்ப்புக் கிடைத்தது, டிசம்பர் 19 தேர்தலில் ஜெயித்தார். பிரதமர் பதவியை லலித்துக்கும் தரவில்லை, காமினிக்கும் தரவில்லை, விஜேதுங்கவுக்குத் தந்தார். இருவரும் 1991-ல் அவர்மீது பதவிநீக்கத் தீர்மானத்துக்கு முயன்று, கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, தனிக் கட்சி கண்டார்கள். 1993 ஏப்ரல் 23-ல் லலித் சுட்டுக்கொல்லப்பட்டார். எட்டே நாளில், மே தின ஊர்வலத்தில், பிரேமதாசா குண்டுக்கு இரையானார். பழைய கட்சிக்கே திரும்பி 1994-ல் அதன் ஜனாதிபதி வேட்பாளரான காமினி, அக்டோபரில் பிரசாரக் கூட்டத்தில் குண்டுவெடிப்பில் இறந்தார். இதில் நகைச்சுவைக்கு இடமில்லை. ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட நம் ஸ்ரீபெரும்புதூரும் அதே யுத்தத்தின் வரைபடத்தில் இருக்கிற ஊர்தான்.

கேள்வி: பேசாமல் நம் ஊர் குடவோலை முறையில் வேட்பாளரை எடுத்துவிட்டால் சண்டையே வராதே?
(கோயில் வாசல் பூக்காரம்மா, உத்திரமேரூர்)

பதில்: நல்ல யோசனை அம்மா, அதுவும் யுத்த கால ஏற்பாடுதான்! நம் ஊர் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சோழன் பராந்தகனை 'மதிரை கொண்ட' என்றுதான் தொடங்குகிறது. பாண்டியனோடு சண்டை போட்ட ராஜாவின் காலத்தில், இங்கே முப்பது குடும்புக்கும் (வார்டுக்கும்) பெயர் எழுதிய ஓலையைக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். பெரியவர் ஒருவர் குடத்தைத் தூக்கி ஊருக்கே காட்டுவார். ஒன்றும் அறியாத ஒரு பையன் எடுப்பான். எடுத்த ஓலையை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், ஒளித்துக்கொள்ள வழியில்லாமல். பிறகு உரக்கப் படிக்க வேண்டும். அருகில் இருந்த கோயில் நம்பிமாரும் ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும்.

சிக்கல் அதற்கு முந்திய வடிகட்டலில். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். பிராமணர் சபை அது, பெண்களுக்கு இடமே இல்லை. வயது 919-ல் 30 முதல் 60 வரை, இரண்டே வருடத்தில் 35 முதல் 70 வரை. அறுபதைத் தாண்டிய யாரோ ஒரு பெரியவர் சும்மா இருந்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். 1940-ல் காமராஜுக்கு வயது 36, அதில் பாஸ். வேதத்தில் ஃபெயில், நிலத்தில் ஃபெயில். நீங்களும் நானும் குடத்துப் பக்கமே போக முடியாது.

கேள்வி: சரி, அடுத்த ஊராட்சித் தேர்தலில் நீங்கள் நிற்பீர்களா?
(அதே பூக்காரம்மா)

பதில்: முடியாதம்மா. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமல்ல, அவனுடைய அத்தை மக்கள், மாமன் மக்கள், மைத்துனன், மருமகன் வரை தள்ளிவைக்கிறது அந்தக் கல்வெட்டு. எங்கள் அத்தை மகன் போன திருவிழா வசூலுக்கு இன்னும் கணக்குக் காட்டவில்லை.