வக்கீலிடம் எதை மறைக்கலாம்?

கேள்வி: வக்கீலைப் பார்க்கப் போகும்போது நமக்குப் பாதகமான விஷயங்களையும் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார், அதுவும் நீதிபதி முன்னால். செக் திரும்பிய வழக்கையே பாருங்கள். செக் திரும்பியதாக வங்கி மெமோ மூலம் தகவல் தந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது அவருக்குக் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். ஆகவே உங்கள் சோகக் கதையைவிட வங்கி மெமோவின் தேதிக்குத்தான் மதிப்பு அதிகம். தேதிவாரியாக ஒரு பக்கக் குறிப்பு எழுதி, செக், மெமோவோடு கொண்டுபோங்கள். பாதிப் பணம் முன்பே வந்திருந்தால் மறைக்காதீர்கள். முழுத் தொகைக்கு நோட்டீஸ் போனால் வழக்கே ஆட்டம் காணும். 'ரகசியம் கசியாதா?' என்பீர்கள். கட்சிக்காரரின் அனுமதியின்றி வக்கீல் வாய் திறக்கக் கூடாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது. ஆனால் இனி செய்யப்போகும் குற்றத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்கு யோசனை கேட்கப் போகாதீர்கள்!