வீட்டு நாயைப் பழக்குதல்: பாட்டி என்னும் மாறியை முன்வைத்து ஓர் ஆய்வு

கி.மு. நான்காம் நூற்றாண்டில் செனபோன் என்ற கிரேக்கர் வேட்டை நாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாய்க்குச் சின்னப் பெயராக வையுங்கள், கூப்பிட எளிது என்பது அதில் அவர் சொன்ன அறிவுரை. அவரைப் படிக்காமலே நம்மவர்கள் மணி, டைகர், ஜிம்மி என்று அந்த விதியைக் காத்து வருகிறார்கள். பிற்காலத்தில் இத்துறையில் நூல்கள் குவிந்துவிட்டன. ஆனாலும் ஒரு பெரிய இடைவெளி அறிஞர்கள் கண்ணில் படாமலே கிடக்கிறது. எந்த நூலைத் திறந்தாலும் நாய் ஒன்று, பழக்குபவர் ஒருவர். அந்த ஒருவரின் மாமியார் அப்போது எங்கே இருந்தார், சாப்பாட்டு நேரத்தில் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்பன போன்ற அடிப்படைத் தரவுகளே கிடையாது. நாய்களை வைத்து ஆராய்ந்த பாவ்லோவின் ஆய்வுக்கூடத்திலும் பாட்டி இல்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு நடுத்தரக் குடும்பம். அப்பா, அம்மா, உளவியல் படிக்கும் மகள், பாட்டி, மணி. மணியின் இனம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. வாங்கி வந்த அப்பா ராஜபாளையம் என்கிறார். ராஜபாளையம் என்றால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் இருக்க வேண்டும். மணி மூக்கு முதல் வால்வரை கறுப்பு. 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட ராஜபாளையம் தபால்தலையை மணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் வால் உண்டு என்பதற்கு மேல் ஒற்றுமை எதுவும் புலப்படவில்லை.

மரபு முறைகளிலிருந்து தொடங்குவோம். மரபில் பழக்குவதைவிடப் பொறுக்கி எடுப்பதற்கே மதிப்பு. குட்டியின் நகத்தை எண்ணுவார்கள். பின்னங்காலில் உபரி நகம் இருந்தால் வீரம் என்பார்கள். காதைப் பிடித்துத் தூக்குவார்கள். கத்தாத குட்டி ரோஷமுள்ளது. இந்தத் தேர்வில் குட்டி தேறினால் பாடத்திட்டம் முடிந்தது, மீதியை ரோஷம் பார்த்துக்கொள்ளும். கூப்பிடத் ‘தோ தோ’, ஏவிவிடச் ‘சூ’, விரட்ட ‘அடச்சீ’. மூன்றே சொற்களில் ஒரு முழு நாய்மொழி.

மரபை இதோடு தள்ளிவிட முடியாது. ஆட்டுக் கிடை போடும் கீதாரிகள் நாய்க்குட்டியை ஆடுகளுக்கு நடுவிலேயே வளர்ப்பார்கள். குட்டிக்கு ஆடு உறவாகிவிடும், நரி அந்நியமாகிவிடும். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் நீண்ட காலம் நாய்களை வளர்த்துப் பார்த்து, குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சில வாரங்களுக்குள் யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் கூட்டமாக ஏற்கும் என்று 1965இல் நூலாக எழுதினார்கள். கீதாரி இதை நூலாக எழுதவில்லை. அவருக்கு ஆடு மேய்க்கிற வேலை இருந்தது.

நம் மரபின் தலைசிறந்த சான்று திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் நடுகல்லாக நிற்கிறது. காலம் மகேந்திரவர்மப் பல்லவனுடையது. தன்னை வளர்த்தவன் பூசலில் விழுந்தபின், கோவிவன் என்ற நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. வீரனோடு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் எடுத்த சமூகம் இது. ஆனால் கோவிவனைப் பழக்கியது பிரம்பாலா, எலும்புத் துண்டாலா என்று கல்வெட்டு சொல்லவில்லை. எழுத்தைப் பொறித்தவர் ஒரு வரி கூடச் சேர்த்திருந்தால் இன்றைய வீட்டுச் சண்டைகள் பாதி தீர்ந்திருக்கும்.

நவீன முறைகளுக்குப் போகுமுன் மொழி குறித்து ஒரு வார்த்தை. ஆங்கிலம் அறவே தெரியாத வீடுகளிலும் நாயிடம் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். ‘சிட், கம், நோ’ எல்லாம் நாய்க்கு. ‘செல்லம், தங்கம்’ மட்டும் தமிழ். காலனியத்தின் எச்சம் என்று பண்பாட்டு ஆய்வாளர்கள் பாயக்கூடும். இக்கட்டுரையின் கருதுகோள் வேறு. விருந்தாளி வந்தால் ‘உட்காருங்க உட்காருங்க’ என்று எட்டு முறை சொல்கிற வீட்டில், ‘உட்கார்’ என்ற சொல்லுக்கு நாயைப் பழக்கினால் அதன் மூட்டு என்னாவது? வீட்டில் வேறு வேலை இல்லாத சொல்லே ஆணைக்கு ஏற்றது. அமெரிக்கக் காவல் நாய்கள் பல ஜெர்மன், டச்சு ஆணைகளுக்குக் கட்டுப்படுகின்றன. அவை ஐரோப்பாவில் பழகி வந்தவை என்பது காரணம். தெருவில் கூச்சல் போடுகிறவனின் சொல்லுக்கு உட்காராமல் இருப்பது கூடுதல் லாபம்.

நவீன முறைகளின் மூலவர் பாவ்லோவ். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக. சாப்பாடு வருமுன்பே, கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே நாய்க்கு எச்சில் ஊறியதுதான் அவரைப் பழக்கம் பற்றிய ஆராய்ச்சிக்குத் திசைதிருப்பியது. பிறகு வந்தவர் ஜெர்மானியக் காவல்துறையின் கொன்ராட் மோஸ்ட். 1910இல் அவர் எழுதிய கையேடு சங்கிலி, கண்டிப்பு, கட்டாயம் என்ற வழியில் போகிறது. நம் அப்பாக்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

இங்கேதான் ‘ஆல்ஃபா’, அதாவது கூட்டத் தலைவன் என்ற கருத்து, நுழைகிறது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல், பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் தலைமைக்கு ஓயாத போட்டி என்று எழுதினார். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. அதிலிருந்து கிளம்பிய நாய் வளர்ப்புச் சித்தாந்தம்: நீ தலைவன் என்று நாய்க்குக் காட்டு, வாசலில் நீ முதலில் போ, நீ சாப்பிட்டபின் அதற்குப் போடு. ஆய்வுக் குடும்பத்தின் அப்பா இதை உடனே ஏற்றுக்கொண்டார். அவர் முதலில் சாப்பிடுவது ஏற்கெனவே நடைமுறையில் இருந்ததால் செலவு எதுவும் ஆகவில்லை. ஆனால் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் கூடவே இருந்து கவனித்த மெக், 1999இல் வேறு கதை சொன்னார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். தலைமைப் போட்டியெல்லாம் அடைத்து வைத்ததால் வந்தது. பழைய நூலை இனி அச்சிட வேண்டாமென்று பதிப்பகத்தாரிடம் அவரே கேட்டுக்கொண்டார். அப்பாவிடம் இச்செய்தி தெரிவிக்கப்பட்டது. அவர் இன்னும் முதலில்தான் சாப்பிடுகிறார்.

அம்மாவின் முறை நீதிமன்ற முறை. மாலையில் வீடு திரும்பி, காலையில் கிழிபட்ட தலையணையைக் காட்டி, ‘யார் செஞ்சது?’ என்று விசாரிப்பார். மணி காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தும். ‘பாத்தீங்களா, தப்பு செஞ்சோம்னு அதுக்கே தெரியுது!’ அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் நடத்திய ஆய்வு இதற்கு எதிராகப் போகிறது. குற்றம் செய்யாத நாயும், திட்டு வாங்கும்போது அதே முகத்தைக் காட்டியது. அந்த முகம் திட்டுக்கான பதிலே தவிர வாக்குமூலம் அல்ல. நடந்து பல மணி நேரம் கழித்துக் கிடைக்கும் தண்டனையிலிருந்து நாய் கற்பது, சாயங்காலம் அம்மா வந்தால் ஆபத்து என்பதை மட்டுமே. தலையணைக்கு அதில் பங்கில்லை.

மகள், உளவியலாளர் ஸ்கின்னரின் கட்சி. விரும்பிய செயலை நாய் செய்த அந்த நொடியிலேயே ஓர் ஓசை. ஓசைக்குப் பின் தின்பண்டம். 1951இல் ஸ்கின்னர் இதற்குச் சிபாரிசு செய்தது குழந்தைகளின் விளையாட்டுப் பொருளை, நம் திருவிழாக் கடைகளில் விற்ற, அழுத்தினால் டக்கென்கிற தகரத் தவளையின் ஜாதியைச் சேர்ந்ததை. ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் இந்த வழியைப் பரப்பினார். டால்பினுக்குச் சங்கிலி போட முடியாது. அடிக்கப் போனால் நீந்திப் போய்விடும். விசிலும் மீனும்தான் மிச்சம். 1984இல் வந்த அவருடைய நூலுக்கு, நாயைச் சுடாதீர்கள் என்று பொருள்படும் தலைப்பு. மகளின் கையில் கிளிக்கர் என்ற அந்த ஓசைக் கருவி வந்த பிறகு மணி ஒரு வாரத்தில் உட்காரக் கற்றுக்கொண்டது. கட்டுரையாளரின் தனிப்பட்ட ஓட்டும் இந்தக் கட்சிக்கே.

கட்சி தோற்றது சாப்பாட்டு மேசையில். மேசையருகே வந்து கெஞ்சக் கூடாது என்பது அடுத்த பாடம். அப்பா முறைத்தார், அம்மா விசாரித்தார், மகள் காத்திருந்தார். பாட்டி மட்டும் சில நாள் ஓர் இட்லி விள்ளல், சில நாள் ஒன்றுமில்லை, ஒருநாள் கருவாட்டுத் தலை என்று மேசைக்கடியில் கையை நீட்டினார். ‘பாவம்டி, வாயில்லா ஜீவன்’ என்பது கோட்பாட்டு அடிப்படை. கிடைக்கும், ஆனால் எப்போது கிடைக்கும் என்று தெரியாது: இந்த ஏற்பாட்டில் பதிந்த பழக்கம்தான் மறக்கடிக்க மிகக் கடினம் என்று ஸ்கின்னர் வழியினர் நிறுவியிருக்கிறார்கள். சூதாட்ட இயந்திரங்கள் பிழைப்பதும் இதனால்தான். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்துச் செய்ததைப் பாட்டி மூக்குக்கண்ணாடி கூடப் போடாமல் செய்துவந்தார்.

அப்படியானால் பாட்டியைப் பழக்கலாமே? இந்தக் கேள்விக்கு விடை தேடிய மகள் ஸ்கின்னரின் மாணவர்களான பிரீலாந்து தம்பதியரிடம் போய்ச் சேர்ந்தார். விலங்குகளுக்கு வித்தை கற்பிப்பதையே தொழிலாக நடத்திய அவர்கள், 1961இல் தங்கள் தோல்விகளைக் கட்டுரையாக எழுதினார்கள். நாணயத்தை உண்டியலில் போட ஒரு ரக்கூனைப் பழக்கினார்கள். இரண்டு நாணயம் கொடுத்ததும் அது போட மறுத்து, நண்டைக் கழுவுவதுபோல் இரண்டையும் உரசிக்கொண்டே இருந்தது. பிறவிக் குணம் பாடத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்பது அவர்கள் முடிவு. ஊட்டுகிற கையும் அப்படி ஒரு பிறவிக் குணமா என்பது அறிவியல் இன்னும் தொடாத கேள்வி.

மகள் தொட்டார். பாட்டியின் கை மேசைக்கு மேலேயே இருந்தால் ஒரு கிளிக். பின்னாலேயே வெற்றிலைச் சுருள் ஒன்று. முதல் கிளிக் ஒலித்ததும் கொல்லையில் படுத்திருந்த மணி ஓடிவந்து பாட்டியின் காலடியில் கச்சிதமாக உட்கார்ந்து, தின்பண்டத்துக்காக நிமிர்ந்து பார்த்தது.

‘பாத்தியாடி, கூப்பிடாமலே வந்து எவ்வளவு மரியாதையா உக்காந்திருக்கு’ என்று பாட்டி அரை இட்லியை நீட்டினார். அதை யாருடைய தேர்ச்சியாகப் பதிவு செய்வது என்று மகள் இன்னும் முடிவு செய்யவில்லை.